இங்கே யாருக்கும் ஆடத் தெரியாதா?
(தோற்ற குழுவும் தோல்வி எழுதப்பட்ட பந்தெறிவாளரும்)

பேஸ்பால் ஆட்டத்தின் பதிவேட்டில் விந்தையான வழக்கம் ஒன்று உண்டு. களத்தில் நின்று தோற்பது ஒன்பது பேர் கொண்ட குழுவே ஆயினும், தோல்வி ஒரே ஒருவர் பெயரில்தான் எழுதப்படும். அவர் பந்தெறிவாளர். எதிர்க்குழுவை முந்தச் செய்த ஓட்டம் எவர் கணக்கில் ஏறியதோ அவரே தோற்றவர் ஆவார். பின்னால் நின்ற தடுப்பாளர் எளிய பந்தைக் கைநழுவ விட்டிருக்கலாம். தம் குழுவினர் நாள் முழுதும் அடித்தும் ஓர் ஓட்டமும் எடுக்காமற் போயிருக்கலாம். அவற்றையெல்லாம் பதிவேடு வேறு வேறு பத்திகளில் குறித்துக்கொள்ளும். தோல்வி என்னும் பத்தியில் மட்டும் ஒரு பெயரே நிற்கும்.

1962ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் குழு 40 ஆட்டங்களில் வென்று 120 ஆட்டங்களில் தோற்றது. அந்த 120 தோல்விகளும் இவ்வாறே பங்கிடப்பட்டன. அவ்வாண்டு அக்குழுவுக்காகப் பந்தெறிந்தவர்கள் 17 பேர். அவருள் ரோஜர் கிரெய்க் 24, அல் ஜாக்சன் 20, ஜே ஹுக் 19, கிரெய்க் ஆண்டர்சன் 17 என நால்வர் மட்டும் 80 தோல்விகளைச் சுமந்தனர். மூன்றில் இரு பங்குச் சுமை நான்கு தோள்களின்மேல் விழுந்தது. 1900ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கப் பெருங்குழு எதுவும் ஒரே பருவத்தில் இத்தனை தோல்வி கண்டதில்லை என்ற நிலை, 2024இல் சிக்காகோ ஒயிட் சாக்ஸ் குழு 121 ஆட்டங்களில் தோற்கும் வரை நீடித்தது.

இப்பருவத்தைப் பொருளாகக் கொண்டு 1963இல் ஜிம்மி பிரெஸ்லின் எழுதிய நூல், விளையாட்டைப் பற்றிய ஆங்கில உரைநடை நூல்களுள் பெரிதும் பேசப்படுவது. ‘இங்கே யாருக்கும் இந்த ஆட்டம் ஆடத் தெரியாதா?’ என்பது அதன் தலைப்பின் பொருள். குழுவின் மேலாளராயிருந்த கேஸி ஸ்டெங்கல் சலிப்புற்றுக் கேட்டதாக வழங்கும் வினா அது. பிரெஸ்லின் நியூயார்க் நகரச் செய்தியாளர். பின்னாளில், 1986இல், பத்தி எழுத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். மதுக்கடையில் நின்று கதை சொல்வான் ஒருவனுடைய நடை அவருடையது. சொற்கள் சிறியன, வாக்கியங்கள் வெட்டு வெட்டாக வருவன, மிகைப்படுத்தல் அவருக்குக் கைவந்த கலை. படிப்போர் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பர். அச்சிரிப்பு எவரை நோக்கியது, எவரை மறைத்தது என்பதே இந்நூலைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் கேள்வி.

பள்ளித் திடல்களில் ஆடப்படும் ரவுண்டர்ஸ் ஆட்டத்தை அறிந்தவர்க்குப் பேஸ்பாலின் அமைப்பு புதிதன்று. நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட்டில் பந்து வீசுவோர் மாறி மாறி வருவர். இங்கோ ஒருவரே மேட்டின்மேல் நின்று தளரும் வரை எறிவார். ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவும் அவர் கையிலிருந்தே தொடங்குகிறது. தனிமை மிக்க அந்த இடத்தை மனத்திற் கொண்டாலன்றி 1962இன் கதை முழுமையாக விளங்காது.

நூலின் மிகச் சிறந்த பகுதி சிரிப்பூட்டும் பகுதியன்று. சினம் மிகுந்த பகுதி. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் என்னும் இரு குழுக்களும் நியூயார்க்கைக் கைவிட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்பவே மெட்ஸ் தோன்றியது. 1961 அக்டோபரில், தேசிய லீகின் பழைய குழுக்கள் தமக்கு வேண்டாதவர் எனக் கருதிய ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்தி, புதிய குழுக்கள் இரண்டுக்கு விலைக்கு விற்றன. 22 பேரை வாங்க மெட்ஸ் கொடுத்த தொகை 18 இலட்சம் அமெரிக்க வெள்ளி. அவருள் நால்வருக்குத் தலைக்கு 125,000 வெள்ளி. உடைந்த சாமான்களைப் புதுவிலைக்கு விற்ற முதலாளிகளின் சாமர்த்தியத்தைப் பிரெஸ்லின் கடுமையாகச் சாடுகிறார். தோல்வி திடலில் பிறக்கவில்லை, பணம் எண்ணப்பட்ட அறையிலே பிறந்தது என்பதே அவர் வாதம். வாதவுரை எழுதப் பழகும் மாணவர் படித்துப் பயன்பெறத்தக்க பகுதி இது.

எனினும் இவ்வாதத்திற்கு ஒரு தடை உண்டு. அதே நாளில், அதே சந்தையில், அதே விலைக்கு ஆட்களை வாங்கியது ஹூஸ்டன் குழு. அது முதற்பருவத்தில் 64 ஆட்டங்களில் வென்று, பத்துக் குழுக்களில் எட்டாம் இடத்தில் நின்றது. பழம்பெருமை வாய்ந்த சிக்காகோ கப்ஸ் குழு அதற்குக் கீழே கிடந்தது. ஆகவே விற்றவர் வஞ்சகம் மட்டுமே காரணம் என்றல் பொருந்தாது. வாங்கியவர் கண்ணிலும் குறை இருந்தது. நியூயார்க் மக்கள் பெயரைக் கேட்ட அளவில் அரங்குக்கு ஓடி வருவார்கள் என்று எண்ணி, புகழின் மாலைப்பொழுதில் இருந்த பழைய வீரர்களை மெட்ஸ் நிருவாகம் விரும்பிச் சேர்த்தது. மேலாளர் ஸ்டெங்கலே அத்தகைய பழம்பெயர். யாங்கீஸ் குழுவுக்கு 1949 முதல் 1960 வரை ஏழு உலகத் தொடர்களை வென்று தந்தவர். 1962இல் அவருக்கு வயது 72. மக்கள் வரவும் செய்தனர். 120 தோல்வி கண்ட குழுவை அவ்வாண்டு காண வந்தோர் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வணிகக் கணக்குத் தவறவில்லை; ஆட்டக் கணக்கே தவறியது. அந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் பந்தெறிவாளர்கள்.

இனி நூலின் புகழ்பெற்ற நகைக் காட்சிக்கு வரலாம். முதல் தளத்தைக் காத்த மார்வ் துரோன்பெர்ரியே பிரெஸ்லினின் கதைத்தலைவர். 1962 ஜூன் 17ஆம் நாள் கப்ஸ் குழுவுடன் நடந்த ஆட்டத்தில், இரு தளங்களுக்கிடையே அகப்பட்ட எதிராளியின் வழியில், கையில் பந்து இல்லாமலே துரோன்பெர்ரி குறுக்கே நின்றுவிட்டார். விதிப்படி ஓட்டக்காரர் தப்பினார். அந்த இன்னிங்ஸில் கப்ஸ் 4 ஓட்டங்கள் எடுத்தது. பின்னர் துரோன்பெர்ரி நெடுந்தொலைவு அடித்து மூன்றாம் தளம்வரை ஓடிச் சேர்ந்தார். முதல் தளத்தை மிதிக்கவில்லை என்று நடுவர் அவரை வெளியேற்றினார். வாதிட ஓடிவந்த ஸ்டெங்கலிடம், இரண்டாம் தளத்தையும் அவர் மிதிக்கவில்லை என்று உதவியாளர் காதோடு சொல்லித் தடுத்தாராம். மெட்ஸ் 8–7 எனத் தோற்றது. இக்கதை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. சொல்லும்போதெல்லாம் சுவை குன்றாதது.

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் எள்ளலையும் தொல்காப்பியர் சேர்த்தார். துரோன்பெர்ரியின் பேதைமை முதல் வகை. அதில் தீமை இல்லை. அவரும் அந்தப் புகழை மறுக்கவில்லை. ஆனால் அக்காட்சியில் நகைக்குப் புறம்பாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். துரோன்பெர்ரி வழிமறித்த அந்த இன்னிங்ஸில் மேட்டின்மேல் இருந்தவர் அல் ஜாக்சன். முடிந்துவிட வேண்டிய இன்னிங்ஸ் முடியாமல் நீள, மேலும் பந்து எறிய வேண்டியவர் அவர். சிரிப்பொலிக்கு நடுவே அவர் முகத்தை எவரும் பார்ப்பதில்லை. பந்தெறிவாளர்க்கு நூலில் இடமே இல்லை என்பதன்று. அவர் பெயர்களும் எண்களும் வருகின்றன. ஆயினும் விளக்கின் ஒளி விழும் இடம் முதல் தளமும் மேலாளர் இருக்கையுமே. நூலை மூடிவைத்த வாசகர் நினைவில் எஞ்சுபவர் துரோன்பெர்ரி, ஜாக்சன் அல்லர்.

ஜாக்சன் எவ்வகைப் பந்தெறிவாளர்? டெக்சாஸ் மாநிலத்தவர், உருவத்தில் சிறியவர், இடக்கையால் எறிபவர். அப்பருவத்தில் எதிர்க்குழுவை ஓர் ஓட்டமும் எடுக்க விடாமல் மெட்ஸ் முடித்த ஆட்டங்கள் நான்கே. நான்கும் அவர் எறிந்தவை. ஜூன் 22ஆம் நாள், அதாவது துரோன்பெர்ரி காட்சிக்கு ஐந்தே நாள் கழித்து, ஹூஸ்டன் குழுவை ஒரே ஒரு அடிக்குமேல் பெறவிடாமல் வென்றார். ஆகஸ்டு 14ஆம் நாள் பிலடெல்பியா குழுவுடன் நடந்த ஆட்டமோ தனிநூலுக்குரியது. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு காணாமல் ஆட்டம் பதினைந்துவரை நீண்டது. பதினைந்தையும் ஜாக்சன் ஒருவரே எறிந்தார், 215 பந்துகள். இக்காலத்துப் பந்தெறிவாளரை நூறு பந்துகள் அளவில் ஓய்வுக்கு அனுப்பிவிடுவர் என்பதை எண்ணினால் அவ்வுழைப்பின் அளவு புலனாகும். பதினைந்து இன்னிங்ஸில் அவர் குழுவினர் அவருக்கு எடுத்துத் தந்தது ஓர் ஓட்டம். இறுதியில் 3–1. பதிவேட்டில் தோல்வி: ஜாக்சன்.

வெண்ணிப் போர்க்களத்தில் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பிற் பட்ட வேல் முதுகில் ஊடுருவியது. முன்னின்று ஏற்ற புண்ணே ஆயினும் பின்னின்று காண்போர்க்கு அது புறப்புண்ணாகவே தோன்றும். அதற்கு நாணியே அவன் வடக்கிருந்தான். வென்ற கரிகாலனை நோக்கி, தோற்றவனே நின்னினும் நல்லவன் என்னும் கருத்துப்படப் புறநானூற்றில் பாடினார் வெண்ணிக் குயத்தியார். பாடப்பட்டவன் வென்றவன், பாட்டின் பெருமையோ தோற்றவனுக்கு. ஜாக்சன் பெயரிலும் ஹுக் பெயரிலும் எழுதப்பட்ட எண்கள் இத்தகைய புறப்புண்களே. முன்னின்று ஏற்றவை, ஏட்டைப் பார்ப்பவர்க்கு முதுகில் தெரிபவை. பிரெஸ்லின் நூலில் குறைவது அந்தக் குயத்தியாரின் கண்.

பந்தெறிவாளர் மீது குற்றமே இல்லை என்று வாதிடுவதும் பிழை. பருவம் முழுவதிலும் மெட்ஸ் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 948. அவற்றுள் தடுப்பாளர் பிழையால் வந்தவை என நீக்கப்பட்டவை 147. எஞ்சிய 801 ஓட்டங்கள் பந்தெறிவாளர் பொறுப்பிலேயே நிற்கின்றன. 192 ஹோம் ரன்களையும் அவர்கள் கொடுத்தனர். அவற்றுள் ஒரு பகுதிக்கு அவர்கள் ஆடிய போலோ கிரவுண்ட்ஸ் அரங்கமே பொறுப்பு. நீண்டு ஒடுங்கிய அவ்வரங்கில் வலக்கோட்டு வேலி ஏறத்தாழ 258 அடித் தொலைவிலேயே இருந்தது. நடுத்திடலோ 480 அடிக்கும் மேல். நன்றாக அடித்த பந்து நடுவில் பிடிபடும்; தவறிப்போய் ஓரத்தில் எழும்பியது வேலியைத் தாண்டும். ஆனால் அதே அரங்கில் வந்து ஆடிய எதிர்க்குழுப் பந்தெறிவாளர்க்கும் அதே வேலிதான். மெட்ஸ் அடியாளர் எடுத்த ஓட்டங்கள் 617. ஓர் ஆட்டத்துக்கு நான்குகூட இல்லை. இரு பக்கமும் தேய்ந்த கத்தரி அது.

ரோஜர் கிரெய்க்கின் கதை இன்னும் நுட்பமானது. 1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றபோது உடனிருந்தவர். மெட்ஸின் முதல் ஆட்டத்தில், ஏப்ரல் 11ஆம் நாள் செயின்ட் லூயிஸில், முதல் பந்தை எறிந்தவரும் அவரே. மூன்றாம் தளத்தில் எதிராளி நிற்க, எறியத் தொடங்கிய அசைவில் பந்து கையிலிருந்து நழுவியது. விதிப்படி எதிராளிக்கு ஓர் ஓட்டம். மெட்ஸ் வரலாற்றில் எதிரிக்குச் சென்ற முதல் ஓட்டமே இப்படிப் போயிற்று. நகைச்சுவையாளர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் 10 வெற்றியும் 24 தோல்வியும் என்னும் கணக்கைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குழுவின் வெற்றிகளில் நான்கில் ஒன்று அவருடையது. திறமையற்ற பந்தெறிவாளருக்கு 24 ஆட்டங்களில் தோற்கும் வாய்ப்பே கிட்டாது. பத்துத் தோல்விக்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். மேலாளர் ஒருவரையே மீண்டும் மீண்டும் மேட்டுக்கு அனுப்புகிறார் என்றால், அவரினும் நல்லவர் இல்லை என்பதே பொருள். பெருந்தோல்வி எண் ஒருவகை நம்பிக்கையின் எண். அடுத்த ஆண்டு அவர் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றார். தீக்குறி என்று பிறர் அஞ்சும் 13ஆம் எண்ணைத் தாமே கேட்டு அணிந்தார். 1964இல் செயின்ட் லூயிஸ் குழுவுக்குச் சென்றதும், உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் யாங்கீஸை அதன் சொந்த அரங்கிலேயே வீழ்த்தினார். அதே கை, அதே நகரம்.

கிரெய்க் ஆண்டர்சனின் பருவம் ஒரு சிறுகதையின் வடிவம் கொண்டது. மே 12ஆம் நாள் மில்வாக்கி குழுவுடன் நடந்த இரட்டை ஆட்டத்தில், இரண்டிலும் இடையில் வந்து எறிந்து, இரண்டிலும் வென்றவர் அவரே. மெட்ஸ் அந்நாளில் ஓரளவு தலைநிமிர்ந்து நின்ற குழு. அந்நாளுக்குப் பின் ஆண்டர்சன் பெருங்குழு ஆட்டம் எதிலும் வென்றதில்லை. அவ்வாண்டில் தொடர்ந்து 16, 1963இல் 2, 1964இல் 1 என 19 தோல்விகளோடு அவர் பணி முடிந்தது.

ஏனையோரை விரைந்து கடக்கலாம். ஜே ஹுக் பொறியியல் கற்றவர். முதல் ஒன்பது ஆட்டங்களையும் இழந்திருந்த மெட்ஸுக்கு முதல் வெற்றியை, அதுவரை தோல்வியே காணாத பிட்ஸ்பர்க் குழுவுக்கு எதிராக, ஏப்ரல் 23ஆம் நாள் பெற்றுத் தந்தவர். வளைபந்து ஏன் வளைகிறது என்பதைக் காற்றழுத்த விதிகளைக் கொண்டு செய்தியாளர்க்கு விளக்கினார். விளக்க அறிந்தவரால் எறிய முடியவில்லையே என்று ஏளனம் எழுந்தது. அந்த ஏளனத்தில் படித்தவனைக் கண்டால் எழும் பழைய அழுக்காறு கலந்திருக்கிறது. கென் மெக்கென்சி யேல் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. 5 வெற்றி, 4 தோல்வி. தோல்வியினும் மிகுந்த வெற்றி கண்ட மெட்ஸ் பந்தெறிவாளர் அவ்வாண்டில் அவர் ஒருவரே. பாப் மில்லர் என்னும் பெயரில் இருவர் இருந்தனர். பயணங்களில் இருவரும் ஒரே அறையில் தங்கினர். அவருள் வலக்கையாளரான மில்லர், 125,000 வெள்ளி விலை கொடுத்து வாங்கப்பட்டவர், தொடர்ந்து 12 தோல்வி கண்டார்.

பிரெஸ்லின் நூலோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்கது ரோஜர் ஏஞ்சல் அதே பருவத்தைப் பற்றி எழுதிய கட்டுரை. அது 1972இல் வெளிவந்த ‘கோடை ஆட்டம்’ என்னும் பொருள்படும் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. ஏஞ்சல் மேலாளர் அறைக்குச் செல்லவில்லை. காட்சி அரங்கில் மக்களோடு அமர்ந்தார். நகரைக் கைவிட்டுப் போன டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் விருந்தாளிகளாக வந்து மெட்ஸை நையப் புடைத்த மே மாத இறுதி நாள்களில், தோற்கும் குழுவுக்காகத் தொண்டை வறள முழங்கிய பல்லாயிரவரை அவர் உற்று நோக்கினார். வெல்வது இயல்பானதன்று, மனிதர் பெரும்பாலோர் தோல்வியோடுதான் உறவுடையவர் என்ற உணர்வை அம்முழக்கத்தில் அவர் கண்டார். பிரெஸ்லினும் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறார். வாடகைக் கார் ஓட்டுநர், பதவி உயர்வு கிட்டாத எழுத்தர் முதலியோருக்கு உரிய குழு இது என்று அவர் எழுதும் பகுதியில் ஏளனம் அடங்கி, பரிவு தலைதூக்குகிறது. அவர் நூல் நிலைத்ததற்கு அப்பகுதியே காரணம் எனலாம்.

இருவருள் ஏஞ்சலின் நடை மெல்லியது, பார்வை ஆழமானது. பிரெஸ்லினின் நடையில் உயிர்த்துடிப்பு மிகுதி. ஆனால் இருவரும் காண்போர் பக்கம் நின்றே எழுதினர். காண்பவனுக்குத் தோல்வி ஒரு மாலைப்பொழுது. வீடு திரும்பும் வழியில் அவன் அதை நகைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். நான்கு நாளைக்கு ஒருமுறை மேட்டில் ஏறி, தன் பின்னே நிற்கும் கைகள் எத்தகையவை என்பதை அறிந்துகொண்டே எறிய வேண்டியவனுக்கு அது தொழில். அவ்வாண்டில் .306 சராசரியோடு குழுவிலேயே சிறப்பாக அடித்த ரிச்சி ஆஷ்பர்ன், பருவம் முடிந்ததும் ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார். தலைப்பாக அமைந்த வினாவுக்கு, ஆடத் தெரிந்தவர்கள் இருந்தனர் என்பதே விடை. அவ்விடையைத் தேடும் பொறுமை வினவியவரிடத்தும் இல்லை, அதைத் தலைப்பாக்கியவரிடத்தும் இல்லை.

செப்டம்பர் 29ஆம் நாள், பருவம் முடிய ஓர் ஆட்டமே எஞ்சியிருந்த நிலையில், பன்னிரண்டு முறை தோற்றிருந்த பாப் மில்லர் கப்ஸ் குழுவை 2–1 என வென்றார். மறுநாள் மெட்ஸ் தன் 120ஆம் தோல்வியைப் பெற்றது. மில்லர் அடுத்த ஆண்டே டாட்ஜர்ஸ் குழுவுக்குச் சென்றார்; மேலும் பன்னிரண்டு பருவங்கள் பெருங்குழுக்களில் எறிந்தார். ஜாக்சன் 1965வரை மெட்ஸில் நின்றார். 1964இல், அக்காலத்தின் தலைசிறந்த பந்தெறிவாளருள் ஒருவரான பாப் கிப்சனை எதிர்த்து எறிந்து 1–0 என வென்றார். 1965இல் மீண்டும் 8 வெற்றி, 20 தோல்வி. வேறு குழுவுக்குப் போய் 1968இல் மெட்ஸுக்கே திரும்பி வந்தார். 1969இல் அக்குழு எவரும் எதிர்பாராத வகையில் உலகத் தொடரை வென்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஜாக்சனை நிருவாகம் சின்சினாட்டி குழுவுக்கு விற்றுவிட்டிருந்தது.